பேசாத வீரரைக் கேட்பதா, அவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதா?

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

விளையாட்டு வீரர்கள் தமக்குக் கிடைத்த புகழைச் சமூக அநீதிக்கு எதிராகப் பயன்படுத்த வேண்டுமா என்ற பேச்சு கொழும்புத் தமிழர் நடுவே எழும்போதெல்லாம், அது சற்று நேரத்துக்குள் முத்தையா முரளிதரனிடம் வந்து நின்றுவிடுகிறது. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய ஒரு தமிழர் தம் மக்களுக்காக ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒருவர் கேட்பார். அவர் வெளியிட்ட அரசியல் கருத்துகளைச் சுட்டிக்காட்டி இன்னொருவர் கொதிப்பார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் வலியை நான் அறிவேன். ஆயினும் நாம் முதலில் கேள்வி கேட்க வேண்டியவர் வேறொருவர் என்பதே என் வாதம். அதை முன்வைத்து உங்கள் கருத்துகளை அறியவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1968 ஒக்டோபர் 16 அன்று மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில், 200 மீற்றர் ஓட்டத்துக்கான பதக்க மேடையில் எடுக்கப்பட்ட படத்தை நம்மில் பெரும்பாலானோர் பார்த்திருப்போம். 19.83 செக்கனில் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்ற டொமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜோன் கார்லோசும் ஆகிய அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் இருவரும், இனவெறிக்கு எதிராக, காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தித் தலைகுனிந்து நிற்கிறார்கள். அவர்கள் ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியேற்றப்பட்டதும், நாடு திரும்பியபின் கொலை மிரட்டல்களுக்கு நடுவே வாழ்ந்ததும் பலரும் அறிந்தவை. நான் பேச விரும்புவது அதே படத்தில் கையை உயர்த்தாமல், நேராக முன்னே பார்த்தபடி நிற்கும் மூன்றாமவரைப் பற்றி.

வெள்ளிப் பதக்கம் வென்ற பீற்றர் நோர்மன் ஒரு வெள்ளை அவுஸ்திரேலியர். மற்ற இருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மேடையேறும் முன்பே அறிந்த அவர், அவர்கள் அணிந்திருந்த மனித உரிமைச் சின்னம் தமக்கும் வேண்டும் என்று கேட்டு, அமெரிக்கப் படகோட்டி ஒருவரிடமிருந்து அதைப் பெற்றுத் தம் நெஞ்சில் குத்திக்கொண்டார். கார்லோஸ் தம் கையுறைகளைக் கொண்டுவர மறந்திருந்தார். இருக்கிற ஒரு சோடியையே இருவரும் பகிர்ந்து அணியலாம் என்று யோசனை சொன்னவரும் நோர்மன்தான்; ஸ்மித்தின் வலக்கையும் கார்லோசின் இடக்கையும் உயர்ந்திருப்பது அதனாலேயே. தகுதி நேரத்தைத் திரும்பத் திரும்ப எட்டியும் அவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை. அன்று அவர் ஓடிய 20.06 செக்கன் 2024 வரை அவுஸ்திரேலியச் சாதனையாக நிலைத்தது. அந்நாட்டுப் பாராளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கோரியது 2012 இல், அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. 2006 இல் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோசும் இருந்தார்கள்.

அநீதிக்கு உள்ளான சமூகத்தில் பிறந்தவரிடமே போய் "நீ ஏன் பேசவில்லை" என்று கேட்பது, ஏற்கெனவே சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். பேசினால் குறைவாக இழக்கக்கூடியவரிடம், அதாவது பெரும்பான்மைச் சமூகத்தில் பிறந்து, அணியில் இடம் உறுதியாகி, நாட்டின் அன்பையும் பெற்றிருப்பவரிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை நடுவர் எழுதியது:

ஐயா, நோர்மனைப் பற்றி நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. இருந்தாலும் இந்த விடயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. கொழும்பில் கழக மட்டக் கிரிக்கெட் போட்டிகளுக்கு நடுவராக நிற்பவன் என்ற முறையில் என் தடையைச் சொல்கிறேன்.

மைதானத்தில் எதிர்ப்பைக் காட்டலாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் தமக்குப் பிடித்த எதிர்ப்பையே மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இந்த நாட்டில் மே மாதம் நடுவில் ஒரு போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி போர் வெற்றியைப் போற்றும் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு வருகிறது. மற்ற அணியில் இருவர் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைந்து கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். இருவரும் தாம் நீதியின் பக்கம் நிற்பதாகவே நம்புகிறார்கள். நடுவராகிய நான் எதை அனுமதித்து எதைக் கழற்றச் சொல்வது? எதை அனுமதித்தாலும் முதற்பந்து வீசுவதற்கு முன்பே பார்வையாளர் பகுதியில் கல் பறக்கும்.

கட்டாயம் என்ற இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2021 ரி-20 உலகக் கிண்ணத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான போட்டி நடந்த அன்றே, எல்லா வீரர்களும் இனவெறிக்கு எதிரான அடையாளமாக முழந்தாளிட வேண்டும் என்று தென்னாபிரிக்கக் கிரிக்கெட் சபை உத்தரவிட்டது. குவின்டன் டி கொக் மறுத்து அந்தப் போட்டியிலிருந்து விலகினார். தம் மாற்றாந்தாய் கறுப்பினத்தவர் என்பதையும் கலப்பினச் சகோதரிகள் தமக்கு இருப்பதையும் பிறகு அவர் வெளிப்படையாகச் சொல்லி, சார்ஜாவில் நம் இலங்கை அணிக்கு எதிரான அடுத்த போட்டியில் முழந்தாளிட்டார். உத்தரவின் பேரில் செய்யப்படும் எதிர்ப்பு, எதிர்ப்பாக இருக்குமா? வீரருக்குப் பேசும் உரிமை உண்டு என்றால் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு. அந்த வகையில் முரளியைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஏற்கிறேன், எஞ்சியதை ஏற்கவில்லை.

மலையகத்து மகள் எழுதியது:

நடுவர் அண்ணாவின் மே மாத உதாரணம் கனமானது, அதற்கு நான் பிறகு வருகிறேன். முதலில், மைதானம் அரசியலற்ற இடமாக ஒருகாலத்தில் இருந்தது போலவும், எதிர்ப்பவர்கள் வந்து அதைக் கெடுத்தது போலவும் அவருடைய பதிவில் இழையோடும் எண்ணத்தை மறுக்க விரும்புகிறேன்.

1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை விளையாடியது இதே கொழும்பில், பி. சரவணமுத்து என்ற தமிழரின் பெயர் தாங்கிய மைதானத்தில்தான். அந்த அணிக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர, அதே ஆண்டு முடிவதற்குள், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்கு ஓர் அணியை அழைத்துச் சென்றார். அதில் சென்ற 14 வீரர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர்களில் பலர் ஏழ்மையான சூழலிலிருந்து வந்தவர்கள். கிரிக்கெட்டால் அன்று யாரும் வீடு கட்ட முடியவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆனால் ஒரு நாட்டின் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் அங்கே போய் வெறுமனே பந்து வீசுவதும் ஓர் அரசியல் செயல்தான். விளையாடுவது எப்போதும் எவரோ ஒருவருக்குச் சாதகமாக முடிகிறது. 1996 பெப்ரவரி 13 அன்று, மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து இரு வாரங்கள்கூட ஆகாத நிலையில், அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கே வர மறுத்தபோது, இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து பிரேமதாச மைதானத்தில் நம்மோடு விளையாடினார்களே, அதை வெறும் விளையாட்டு என்று யாராவது சொன்னார்களா? அன்று அதை வாழ்த்தியவர்கள், வீரர் ஒருவர் இன்று கையில் பட்டி கட்டினால் மட்டும் விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி, தொடங்கியவர் ஐயாவின் வாதத்தில் எனக்குள்ள ஒரு குறை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்றுவிட்டால் விலை சமமாகப் பங்கிடப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. 2003 பெப்ரவரி 10 அன்று ஹராரேயில், உலகக் கிண்ணப் போட்டியில், அன்டி பிளவரும் ஹென்றி ஒலோங்காவும் சிம்பாப்வேயில் ஜனநாயகம் இறந்துவிட்டதற்குத் துக்கம் காட்டிக் கறுப்புப் பட்டி அணிந்தார்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் அந்நாட்டு அணியில் விளையாடிய முதலாவது கறுப்பின வீரர். அறிக்கை ஒன்று, பட்டி ஒன்று, நாள் ஒன்று. பிளவர் தொடர்ந்து ஆடி, எசெக்ஸ் அணிக்குச் சென்று, பின்னர் இங்கிலாந்து அணியின் பயிற்றுநராக உயர்ந்தார். ஒலோங்கா அணியில் ஒதுக்கப்பட்டு, அவருடைய கழகத்தாலும் நீக்கப்பட்டு, உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டே போனார்; பிறகு ஒரு சர்வதேசப் போட்டியிலும் விளையாடவில்லை. பிளவரின் துணிவை நான் குறைக்கவில்லை, அவரும் நாட்டை இழந்தவர்தான். ஆனால் இருவரும் கட்டிய ஒரே துணிக்கு இருவரும் கொடுத்த விலை ஒன்றல்ல.

முரளி பற்றியும் ஒரு சொல். மலையகத் தமிழர் 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள்; அவர்களில் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் தாய் கொழுந்து பறித்த தோட்டத்தில் நாங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து அவருடைய விக்கெட்டுகளைக் கேட்டோம். எங்களில் ஒருவர் நாட்டின் சீருடையை அணிந்திருக்கிறார் என்பதே அன்று எங்களுக்குப் பெரிய செய்தி. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எங்கள் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியபோது அவர் ஒரு சொல் சொன்னால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் ஏங்கியது உண்மை. அந்த ஏக்கத்தை நான் மறைக்க மாட்டேன். அவரைத் துரோகி என்று அழைக்கவும் மாட்டேன்.

பழைய தடகளப் பயிற்றுநர், பம்பலப்பிட்டி எழுதியது:

கிரிக்கெட்டையே பேசுகிறீர்கள், ஆகவே ஒரு தடகள வீரரை நினைவூட்டுகிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உருவான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அது. அந்த விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. அந்த நாட்களை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்: 1958 இனக் கலவரம் இந்த நாட்டைச் சூறையாடியது அதே மே மாத இறுதியில்தான். ஒரு தமிழ் இளைஞன் வெளிநாட்டு மண்ணில் இலங்கைக் கொடியை உயர்த்திய நாட்களில், இங்கே தமிழன் என்பதற்காகவே மனிதர்கள் வீதியில் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அவர் பதக்க மேடையில் கையை உயர்த்தியிருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா? அன்று செய்தி போய்ச் சேரும் வேகம் என்ன, அவருடைய வயது என்ன, அப்படி ஒரு முன்மாதிரியாவது உலகில் இருந்ததா? மெக்சிக்கோவுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. பிற்காலத்தில் அவர் தமிழரின் உரிமைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அந்தக் குரலுக்குப் பின்னால் அந்தப் பதக்கம் இருந்தது. ஒரு வீரரின் புகழை அவர் ஆடும் காலத்துக்குள் செலவழித்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. முகம்மது அலி 1967 இல் படையில் சேர மறுத்து, பட்டத்தையும் உடல் வலு உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகளையும் இழந்தார். எல்லோருக்கும் அது இயலாது. இளம் வீரர்களைப் பயிற்றுவித்தவன் என்ற வகையில், இருபது வயதுப் பிள்ளையிடம் முழு வாழ்க்கையையும் பணயம் வை என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை என்றே கருதுகிறேன்.

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

எதிர்வீரசிங்கம் அவர்களைக் கொண்டுவந்தமைக்கு நன்றி. அந்த இரு நிகழ்வுகளும் ஒரே கிழமையில் வந்தவை என்பதை நம் பாடநூல்கள் ஏன் சேர்த்துச் சொல்வதில்லை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

மலையகத்து மகள் சொன்ன குறையை ஏற்கிறேன். என் வாதத்துக்கு நம் நாட்டிலேயே உள்ள சான்றை இப்போது வைக்கிறேன். 1999 ஜனவரி 23 அன்று அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. ஸ்குவெயார் லெக்கில் நின்ற நடுவர் ரொஸ் எமர்சன், முரளி விதிக்கு மாறாகப் பந்தை எறிகிறார் என்று நோபோல் அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நேராக நடுவரிடம் போய், விரலை நீட்டி, முகத்துக்கு நேரே வாதிட்டார். பிறகு தம் வீரர்கள் அனைவரையும் எல்லைக்கோட்டருகே அழைத்துச் சென்று நிறுத்தினார். ஆட்டம் நின்றது. அதிகாரிகள் ஓடிவந்து பேசி, வெகுநேரத்துக்குப் பின்னரே மீண்டும் தொடங்கியது. முரளி வாய் திறக்கவில்லை. அவர் தமக்காக வாதாட வேண்டிய தேவையே ஏற்படவில்லை, ஏனென்றால் ஒரு சிங்கள அணித்தலைவர் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருக்காகப் போய் நின்றார். நடுவர் மீது விரல் நீட்டியதை நம் நடுவர் தம்பி ஏற்கமாட்டார் என்பது தெரியும். ரணதுங்கவுக்கும் அதற்காகத் தண்டனை கிடைத்தது. இருந்தும் முரளியின் 800 விக்கெட்டுகளில் அந்த நடைக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்று 2011 ஜூலையில் லோர்ட்சில் குமார் சங்கக்கார ஆற்றிய உரை. அப்போதும் அவர் அணியில் விளையாடிக்கொண்டிருந்தார். 1983 ஜூலையில் கண்டியில் தம் பெற்றோர் தமிழ் நண்பர்களுக்கு வீட்டில் அடைக்கலம் கொடுத்ததை உலகின் முன் சொன்னார். தமிழரும் சிங்களவரும் முஸ்லிமும் பறங்கியரும் தம்முள் இருப்பதாக அறிவித்தார். அதே உரையில் நம் கிரிக்கெட் நிர்வாகத்தின் ஊழலையும் வெளிப்படையாகக் கண்டித்தார். உடனே விசாரணை என்றார் அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர். அந்த உரையை இங்கே தமிழர் வீடுகளில் எத்தனை பேர் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று கேட்டார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். நாங்கள் எதிர்பார்த்தது அதைப் போன்ற சொற்களைத்தான், அதுவும் அவரைப் போன்ற ஒருவரிடமிருந்துதான்.

மலையகத்து மகள் எழுதியது:

ஐயா, அடிலெய்ட் எனக்கும் பெருமைதான். ஆனால் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். அணித்தலைவர் காத்தது தம் அணியின் பந்துவீச்சாளரை. எதிரே நின்றவர் வெளிநாட்டு நடுவர். அதே 1999 இல் கொழும்பில் உங்கள் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த தமிழர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் போட்டியைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் விடியற்காலையில் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டபோது, அதை நிறுத்த உயர் நீதிமன்றம்தான் தலையிட்டது. அணிக்குள் இருக்கும் தமிழனுக்காக நிற்பது ஒன்று, அணிக்கு வெளியே பஸ்ஸில் ஏற்றப்படும் தமிழனுக்காக நிற்பது வேறொன்று. இரண்டாவதுதான் சமூக அநீதிக்கு எதிரான குரல். சங்கக்காரவின் உரையை அதனால்தான் நான் அடிலெய்டை விட உயர்வாக வைப்பேன்.

அந்த இரண்டாவது வகைக்கு, பலர் மறந்துவிட்ட ஓர் எடுத்துக்காட்டு நம்மிடம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டம் சூடுபிடித்த நாட்களில், முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் தம்மிக்க பிரசாத், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இறந்தவர்களுக்கு நீதி வேண்டும் என்று கேட்டு 24 மணிநேர உண்ணாவிரதம் இருந்தார். ரொஷான் மகாநாம எரிபொருள் வரிசையில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தேநீரும் பணிசும் கொடுத்ததைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. இரண்டும் நல்லவை. ஆனால் தேநீர் பசியை ஆற்றும். யார் குற்றவாளி என்ற கேள்வியை எழுப்பியது பிரசாத்தின் உண்ணாவிரதம்.

கொட்டாஞ்சேனை நடுவர் எழுதியது:

தங்கச்சி இப்போது என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீதியில் கண்டவற்றை இங்கே எழுத மாட்டேன். ஒரு சிங்கள கிரிக்கெட் வீரர், எங்கள் தெருவில் இறந்த தமிழர்களையும் சேர்த்தே நீதி கேட்டுப் பட்டினி கிடந்தார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் கவனியுங்கள், அவர் அதைச் செய்தது ஓய்வுபெற்றபின், திடலில். என் தடை மைதானத்தின் உள்ளே நடப்பதைப் பற்றியது. விதிகள் இன்று இருக்கும் நிலையைப் பாருங்கள். 2014 இல் இங்கிலாந்தின் மொயீன் அலி காசாவுக்கு ஆதரவான வாசகங்கள் கொண்ட பட்டிகளை சவுத்ஹாம்டன் டெஸ்டில் அணிந்தார். அவருடைய சபை அதில் தவறில்லை என்றது, போட்டி மத்தியஸ்தர் மீண்டும் அணியாதே என்று எச்சரித்தார். 2023 டிசம்பரில் உஸ்மான் கவாஜா எல்லா உயிர்களும் சமம் என்று தம் காலணியில் எழுதிக்கொண்டு பேர்த் டெஸ்டுக்குப் பயிற்சி செய்தார், சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. தடுத்ததால் அந்த எழுத்துகளை நாடாவால் மறைத்து, கையில் கறுப்புப் பட்டி கட்டி ஆடினார். அதற்கும் கண்டனம் பெற்றார். சமாதானப் புறாவின் படத்தை மட்டையில் ஒட்டக் கேட்டதும் மறுக்கப்பட்டது. வேறு வீரர்கள் தம் மத நம்பிக்கையைக் காட்டும் அடையாளங்களை மட்டையில் ஒட்டியபோது அனுமதித்தீர்களே என்று அவர் கேட்ட கேள்விக்கு நடுவர் என்ற முறையில் என்னிடம் விடை இல்லை. எல்லா உயிர்களும் சமம் என்பதைக் கழற்றச் சொல்ல நேர்ந்தால் எனக்கே கை நடுங்கும். ஆகவே விதியை நீக்கு என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரேமாதிரியாக, முன்கூட்டியே தெரியும்படியாக ஒரு விதி வேண்டும் என்கிறேன். வீரர்கள் அரசியல் கருத்தைக் காட்டுவதைத் தடுக்கும் ஒலிம்பிக் 50 ஆவது விதியையே 2021 இல் தளர்த்தினார்கள்; போட்டி தொடங்கும் முன் மைதானத்தில் கருத்தை வெளிப்படுத்தலாம், பதக்க மேடையில் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். அந்த எல்லை சரியா என்பது வேறு விடயம். எல்லை என்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது.

வலைப்பந்துப் பொறுப்பாசிரியை எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோரும் ஏறக்குறைய ஆண்களையே பேசியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சேர்க்கிறேன். புகழ் ஒரு கவசம் என்ற எண்ணம் வீராங்கனைகளிடத்தில் பொய்த்துப் போவதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறோம். சுசந்திகா ஜயசிங்க, இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வென்ற டங்கன் வைட்டுக்கு 52 ஆண்டுகளுக்குப் பிறகு, சிட்னியில் இந்த நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர். அதிகாரத்தில் இருந்தவர்கள் தமக்கு இழைத்த துன்புறுத்தலைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னபோது, கிராமத்துப் பெண் என்றும் வாய்க்காரி என்றும் அவரை ஏசியவர்களே அதிகம். இந்தியாவில் 2023 இல் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்து டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். மே 28 அன்று பொலிசார் அவர்களைத் தரையில் இழுத்துச் சென்றதை நாம் எல்லோரும் திரையில் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பரில், அந்தத் தலைவருக்கு நெருக்கமானவர் தேர்தலில் வென்றதும், ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி தம் மல்யுத்தக் காலணிகளை ஊடகவியலாளர் முன் மேசைமீது வைத்துவிட்டு, விளையாட்டை விட்டு விலகுவதாகச் சொன்னார். பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள் என்ற ஐயாவின் வாதத்துக்கு இங்கே ஒரு சோதனை இருக்கிறது: 1983 இல் உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியினர் அவர்களுக்காக அறிக்கை விட்டார்கள், ஆனால் அன்று ஆடிக்கொண்டிருந்த பெரும் நட்சத்திரங்களிடமிருந்து எதிர்பார்த்த குரல் எழவில்லை.

நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். துப்புரவு வேலை செய்த அம்மா ஒருவரை, அவரை அனுப்பிய ஒப்பந்த நிறுவனம் நிலுவைச் சம்பளம் கொடுக்காமல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் வியர்வைச் சட்டைகளைப் பயிற்சி முடிந்ததும் கொடியில் உலர்த்தி மடித்து வைப்பவர் அவர். எங்கள் வலைப்பந்து அணியில் ஒரு மாணவி அவரோடு ஒரே தோட்டத்தில், ஒரே பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள். அடுத்த போட்டியில் எல்லோரும் கூந்தலில் கறுப்பு நாடா கட்டுவோம் என்று அவள்தான் சொன்னாள். அணித்தலைவி வசதியான குடும்பத்துப் பிள்ளை. அவளே முதலில் கட்டினாள், ஏழு பேரும் கட்டி ஆடினார்கள். நிர்வாகம் அணித்தலைவியை அழைத்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதற்கடுத்த போட்டிக்கான பட்டியலில், தோட்டத்துப் பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை. ஒழுக்கம் என்றார்கள். நான் எதிர்த்து எழுதிய கடிதத்துக்கு, தெரிவு என்பது நிர்வாகத்தின் உரிமை என்று பதில் வந்தது. அணித்தலைவி தன் நிலையைத் தன் தோழிக்குக் கொடுக்க முன்வந்தாள். அவர்கள் அதையும் ஏற்கவில்லை.

ஆகவே பக்கத்தில் நிற்பவர் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை முன்னே நிற்க விடமாட்டேன். அந்தப் பிள்ளையைப் பட்டியலிலிருந்து நீக்க முடியாதபடி ஒரு விதி எழுத்தில் இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு போராடியிருப்பேன்.

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஒலோங்காவுக்கு நடந்ததும் உங்கள் மாணவிக்கு நடந்ததும் ஒன்றே. அதிகாரம் எப்போதும் வரிசையில் மிகப் பலவீனமானவரைத் தெரிந்தெடுத்துத் தண்டிக்கிறது. அப்படிச் செய்தால் மற்றவர்கள் அடங்குவார்கள் என்பது அதன் கணக்கு. என் வாதத்தை அதற்கேற்ப இறுக்கிச் சொல்கிறேன்: பாதுகாப்பாக இருப்பவர் குரல் கொடுப்பதோடு நின்றால் போதாது, பலவீனமானவர் தண்டிக்கப்படும்போது தாமும் ஆட மறுக்க வேண்டும். 2020 ஓகஸ்டில் மில்வோக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி, ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் பொலிசார் சுட்டதைக் கண்டித்து, முக்கியமான போட்டிக்கு வராமல் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டது. ஓர் ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஓர் அணியை எப்படி நீக்குவது?

கொட்டாஞ்சேனை நடுவர் எழுதியது:

ஆடவே மறுப்பது என்பது எங்களைப் போன்ற சிறு கழகங்களுக்கு மிகப் பெரிய விலை. புள்ளி போகும், தண்டப்பணம் வரும், அடுத்த ஆண்டு மைதானம் கிடைக்காது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஆசிரியை கேட்ட விதியை எழுத முடியும், என் மே மாதக் கேள்விக்கும் அதில் இடமிருக்கிறது. போட்டிக்கு முன்தினம் எழுத்தில் அறிவிக்கப்பட்ட, வாசகமோ கட்சிச் சின்னமோ இல்லாத, ஒரே நிறக் கைப்பட்டியையோ கூந்தல் நாடாவையோ எந்த வீரரும் அணியலாம். காரணத்தை நடுவர் விசாரிக்கத் தேவையில்லை. எவரையும் அணியுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. அணிந்ததற்காகவோ அணியாததற்காகவோ எவரையும் அணியிலிருந்து நீக்கக் கூடாது, நீக்கினால் தெரிவாளர்கள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பட்டியில் சொல் இல்லாதபோது நான் இருவருக்கும் நடுவே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. வெற்றிக்கென்று கட்டியவரும் துக்கத்துக்கென்று கட்டியவரும் ஒரே ஆட்டத்தை ஆடட்டும்.

மலையகத்து மகள் எழுதியது:

அண்ணா, வாசகம் இல்லாத பட்டி எதைச் சொல்கிறது என்பதைப் போட்டி முடிந்தபின் ஊடகத்திடம் விளக்க வீரருக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு துணி கட்டலாம் என்பதாக முடியும்.

வலைப்பந்துப் பொறுப்பாசிரியை எழுதியது:

இருவர் சொன்னதையும் சேர்த்து ஒரு வரைவாக எழுதி, அடுத்த மாதம் நடக்கவிருக்கும் எங்கள் பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன். சங்கம் ஏற்றால் பாடசாலை விளையாட்டுக் குழுவின் முன் அதைக் கொண்டுபோகும் பொறுப்பை அந்தப் பழைய அணித்தலைவி ஏற்றிருக்கிறாள். இப்போது அவள் சட்டம் படிக்கிறாள். வேறு பாடசாலையிலோ கழகத்திலோ இத்தகைய விதியை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் இருந்தால் அதன் வாசகத்தை இங்கே பதிவிடுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதை மொழிபெயர்த்துத் தரக்கூடியவர்களும் தேவை.